சித்திரை வெயிலில் ஒரு சால்வை

அப்பா பட்டாளத்திலிருந்து லீவில் வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் முதலில் வெளியே வருவது பாச்சை உருண்டையின் வாசம்தான். அதன் பின்னால் பூட்ஸ் பாலிஷ், அதன் பின்னால் "கேன்டீன் சோப்பு", எல்லாவற்றுக்கும் அடியில் நாள்கணக்காக ரயிலில் கிடந்து வெந்த இரும்பின் வாசம். வெள்ளைப் பெயிண்டில் பேரும் நம்பரும் எழுதிய அந்தக் கறுப்புப் பெட்டியைச் சுற்றி நானும் தம்பியும் மூக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அம்மா மட்டும் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றுகொண்டு, தனக்கு அதில் ஒன்றும் வேண்டாம் என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் ஐந்தாம் வகுப்பு முடித்த வருஷம் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு சால்வை வந்தது. அது எனக்கும் இல்லை, அம்மாவுக்கும் இல்லை. எங்கள் டீச்சருக்கு வந்தது.

இத்தனை வருஷம் கழித்து அது ஞாபகத்துக்கு வரக் காரணம் என் மகள். தென்காசியில் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் நாலாம் வகுப்பு முடிக்கிறாள். பங்குனி பிறந்ததிலிருந்து "மிஸ்ஸுக்கு என்னம்மா வாங்கப்போறோம்" என்று காலையும் மாலையும் கேட்டு என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டாள். நான் வேறு, வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள். மலிவாக வாங்கினால் பிள்ளைக்கு அவமானம், பெரிதாக வாங்கினால் மற்ற அம்மாமார் என்ன நினைப்பார்களோ, வாங்காமலே விட்டால் அடுத்த வருஷம் அந்த மிஸ் இவளைக் கண்டுகொள்ளாமல் போய்விடுவாளோ என்று படுத்துக்கொண்டு யோசித்தால் விடிந்துவிடுகிறது. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவளுக்குப் பள்ளிக்கூடம் என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து அடுப்படிக்குப் போய்விடத்தான் தோன்றும்.

ஆனால் இந்தக் கவலைக்கெல்லாம் அடியில் வேறொன்று கிடக்கிறது. எனக்கு அந்த மிஸ் மேல் பொறாமை. நான் தொண்டை வற்றக் கத்தியும் குடிக்காத பாலை, மிஸ் ஒரு வார்த்தை சொன்னதும் மூக்கைக்கூடப் பிடிக்காமல் குடிக்கிறாள். நகம் வெட்டக் கையை நீட்டுகிறாள். நான் ஏதாவது சொன்னால், "மிஸ் அப்படிச் சொல்லலியே" என்று ஒரு பார்வை பார்க்கிறாள். இந்தப் பொறாமை எனக்குப் புதிது இல்லை. எங்கள் வீட்டில், அம்மாவின் தோள்மேல் அது கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அப்போது நாங்கள் இலஞ்சியில் இருந்தோம். எங்கள் டீச்சர் பெயர் சுகந்தி. சுரண்டையிலிருந்து தென்காசிக்கு ஒரு பஸ், தென்காசியிலிருந்து இலஞ்சிக்கு ஒரு டவுன் பஸ் என்று மாறி வருவார்கள். ஒல்லியான உடம்பு, இடுப்பைத் தாண்டிய பின்னல், கையில் ஒரு பிரம்புப் பை. அந்தப் பைக்குள் டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், சிவப்பு மை பேனா. பஸ் நிற்கும் இடத்திலிருந்து வகுப்பு வரை அந்தப் பையைத் தூக்கி வருகிறவளுக்கு அன்று முழுவதும் ராஜாங்கம். கரும்பலகை துடைப்பது அவள், சாக்பீஸ் எடுத்து வருவது அவள், பேசுகிறவர்களைக் காட்டிக்கொடுப்பதும் அவள். அதற்காக நான் காலைச் சாப்பாட்டைப் பாதியில் போட்டுவிட்டு ஓடுவேன். ஓடிப்போய்ப் பார்த்தால் அங்கே எனக்கு முன்னால் நபீசா நின்றுகொண்டிருப்பாள்.

நபீசாவின் வாப்பா சவுதியில் இருந்தார். என் அப்பா எல்லையில் இருந்தார். இரண்டு பேருக்கும் வீட்டில் அப்பா இல்லை, பெட்டி மட்டும்தான் வரும். அதனாலேயோ என்னவோ, எங்கள் சண்டையும் பெட்டிக்கும் பெட்டிக்கும் நடந்தது. அவள் பென்சிலின் பின்பக்கம் ரப்பர் இருக்கும், அந்த ரப்பரில் பழ வாசம் வரும். நான் கேன்டீன் சோப்பு போட்டுக் குளித்துவிட்டுப் போய்க் கையை டீச்சர் பக்கமாக நீட்டிக்கொண்டிருப்பேன். அவள் தகர டப்பாவில் மிட்டாய் கொண்டு வருவாள். நான் அப்பாவின் பழைய பித்தளைப் பட்டனைச் சட்டையில் தைத்துக்கொண்டு போவேன். டீச்சர் பட்டனைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மிட்டாயைத் தின்பார்கள். அதில் என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அந்த வருஷம் தை மாதத்தில் டீச்சருக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பள்ளிக்கூடம் அடைத்த கையோடு கல்யாணம், அதன் பிறகு மாப்பிள்ளை ஊருக்குப் போய்விடுவார்கள் என்று பேச்சு. கடைசி நாள் டீச்சருக்கு ஆளுக்கு ஏதாவது கொடுப்பது எங்கள் வழக்கம். சாமி படம், கண்ணாடிக் கிண்ணம், பிளாஸ்டிக் ரோஜா என்று மேஜை நிறைந்துவிடும். நபீசா முன்கூட்டியே சொல்லிவிட்டாள், அவள் வாப்பா "சென்ட்டு" அனுப்பியிருக்கிறார் என்று. பாட்டிலைக் கொண்டுவரவில்லை. அதன் வெறும் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து எங்கள் எல்லோருக்கும் மோந்து பார்க்கக் கொடுத்தாள். வெறும் பெட்டிக்கே அந்த வாசம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா எங்கள் தெரு எஸ்டிடி பூத்துக்கு ஃபோன் போடுவார். அந்த வாரம் அம்மா கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கி, "டீச்சருக்கு ஒண்ணு வாங்கிட்டு வாங்கப்பா. நபீசா வாப்பா அனுப்புனதுக்கு மேல இருக்கணும்" என்றேன். அவர் அந்தப் பக்கம் சிரித்தது கேட்டது. அம்மா ரிசீவரைத் திரும்ப வாங்கியபோது லைன் போய்விட்டிருந்தது.

அப்பா எங்கள் தெருக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்தார். பெட்டியிலிருந்து முதலில் எடுத்தது ஒரு பிரஷர் குக்கர். அம்மா முன்னால் வைத்து, "இது ஒனக்கு" என்றார். "விசில் சத்தமே தனியா இருக்கும்."

"நான் விசில் கேட்டேனா?" என்றாள் அம்மா.

பிறகுதான் அந்தச் சால்வையை எடுத்தார். மாதுளம்பழத் தோல் நிறம், ஓரம் முழுவதும் இலை இலையாகப் பூவேலை. விரித்தபோது எங்கள் வீட்டு மங்கல் பல்பே கொஞ்சம் கூடுதலாக எரிந்ததுபோல இருந்தது. அம்மா நிலையை விட்டு ஒரு எட்டு முன்னால் வந்துவிட்டாள்.

"இது ஒங்க டீச்சருக்கு" என்றார் அப்பா என்னிடம். "காஷ்மீர் சால்வைன்னா சும்மாவா? மோதிரத்துக்குள்ள நொழைஞ்சி அந்தப் பக்கம் வந்துரும்." சொன்னதோடு விடாமல் அம்மாவிடம் கையை நீட்டி, "ஒன் மோதிரத்தக் கழத்து" என்றார். அம்மா திருகித் திருகிக் கழற்றிக் கொடுத்தாள். சால்வையின் முனை நுழைந்தது, கொஞ்ச தூரம் ஓடியது, பாதியில் சிக்கிக்கொண்டது. அப்பா இந்தப் பக்கம் இழுத்தார், அந்தப் பக்கம் இழுத்தார். "இங்கன கொஞ்சம் தடிச்ச நூலு போல" என்றார்.

"இழுத்துக் கிழிச்சிராதீங்க. அப்படியே மோதிரத்தோட சேத்து டீச்சருக்குக் குடுத்துருங்க" என்றாள் அம்மா.

அப்பா அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்தார். சிரித்தவர் அடுத்து ஒன்று சொன்னார். எங்கள் ஊர்க்காரர் ஒருத்தர் பட்டாளத்தில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தால் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. "கடைசி நாளைக்கு நானே வந்து டீச்சருக்குப் போத்திவிடுதேன். எங்க ரெஜிமென்ட்ல யாரு ரிட்டயர் ஆனாலும் அப்படித்தான். மேடையில வச்சுப் போத்தி, கையக் குடுத்து, போட்டோ எடுப்போம்."

அம்மா மோதிரத்தை விரலில் மாட்டிக்கொண்டே கேட்டாள். "யாரு, நீங்களா? கல்யாணம் நிச்சயமான பிள்ள தோள்ல, ஊரே பாக்க, நீங்க போயிப் போத்தப்போறியளா?"

"மரியாதைக்குத்தானட்டி."

"மரியாத அந்தப் பிள்ளைக்கு. மிச்சக் கத எனக்கு. நீங்க லீவு முடிஞ்சி ரயிலேறிருவிய, குழாயடியில நாலு பேரு மூஞ்சியில முழிக்கவ நான்லா. ஒண்ணும் வேண்டாம், நான் போறேன்."

கடைசி நாளுக்கு இன்னும் ஒரு வாரம் போல இருந்தது. அந்த நாட்களில் குக்கர் அட்டைப் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. சோறு பழைய பானையிலேயே கொதித்தது. சால்வையோ தினமும் வெளியே வந்தது. பூச்சி அரித்துவிடும் என்று ஒரு நாள், ஈரம் பட்டதோ என்று ஒரு நாள், எடுத்து உதறி மடித்து வைப்பாள். மடிக்கும்போது என்னைப் பார்க்காமல் கேட்பாள். "இந்த வெக்கையில ஒங்க டீச்சருக்கு எதுக்குட்டி கம்பளி?"

"சீசன்ல போத்திக்கிடுவாங்க."

"சீசன்ல நானும்தான் சாரல்ல நடுங்கிக்கிட்டு கெடக்கேன். எனக்குத் தோளு இல்லையா?"

சென்ட்டு ஒரு நாளில் பறந்துவிடும், சால்வை வருஷக்கணக்காகத் தோளில் கிடக்கும், டீச்சர் எந்த ஊருக்குப் போனாலும் என்னைப் போர்த்திக்கொண்டு இருப்பார்கள் என்பதுதான் என் கணக்கு. அது டீச்சர் தோளுக்குப் போய்ச் சேர வேண்டும், நபீசா அதைப் பார்க்க வேண்டும். வேறெதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

கடைசி நாள் வந்தது. சித்திரை பிறந்து, ரோட்டில் தார் இளகிக் கிடந்தது. அம்மா பட்டுச்சேலை கட்டி, பிச்சிப்பூ வைத்து, சால்வையை எடுத்தாள். பையில் வைக்கப்போகிறாள் என்று பார்த்தால், விரித்துத் தன் தோளில் போர்த்திக்கொண்டாள்.

"எம்மா, வேர்வை பட்டுரும்."

"பட்டா படட்டும். ஒங்கப்பா வாங்குனதுதான. நட."

தெருவில் இறங்கினோம். நான் நாலு அடி முன்னால், அவளுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லாததுபோல நடந்தேன். வாசலில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்த சரசு மதினி நிமிர்ந்து பார்த்து, "என்ன கமலா, காய்ச்சலா? இந்த வெயில்ல கம்பளியப் போத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்கா போற?" என்றாள்.

"காய்ச்சல்லாம் இல்ல மதினி. இவுக காஷ்மீர்லேருந்து கொண்டாந்தது" என்றாள் அம்மா. நிற்கவும் செய்தாள். மதினி எழுந்து வந்து தொட்டுப் பார்த்து, "பொன்னு மாதிரில்லா இருக்கு" என்று சொல்லி முடிக்கும்வரை நின்றாள். கழுத்தோரம் வியர்வை வடிந்து ரவிக்கை நனைந்துவிட்டது. அவள் எடுக்கவில்லை. பள்ளிக்கூடம் வரும்வரை எதிரே வந்த ஒவ்வொருவருக்கும் அந்தப் பதிலைச் சொன்னாள். அந்த ஒரு நடைக்கு மட்டும் அது அவளுடைய சால்வை.

அந்தக் காலத்தில் அம்மாமார் வகுப்புக்குள் நேரே வந்துவிடுவார்கள். சாப்பாடு கொடுக்க வருவார்கள், "இவ வீட்ல ஒரு வேல செய்யமாட்டேங்கா டீச்சர்" என்று சொல்ல வருவார்கள், சும்மாவும் வருவார்கள். நாங்கள் போனபோது நபீசா சென்ட்டைக் கொடுத்து முடித்திருந்தாள். டீச்சர் மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்திருந்தார்கள். வகுப்பு முழுக்க அந்த வாசம். பின்பெஞ்சு வரைக்கும் நபீசா ஜெயித்திருந்தாள்.

டீச்சர் எழுந்து வந்து, "வாங்கக்கா. என்னக்கா, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள்.

வழியெல்லாம் பதில் சொல்லி வந்த அம்மா, அங்கே சால்வையை அவசரமாக எடுத்தாள். "இல்ல டீச்சர். இது ஒங்களுக்கு. கையில கொண்டாந்தா கசங்கிருமேன்னு மேல போட்டுக்கிட்டு வந்தேன்" என்றாள். டீச்சர் அம்மாவின் கழுத்து வியர்வையைப் பார்த்தார்கள், சால்வையைப் பார்த்தார்கள், சிரித்துவிட்டார்கள். அம்மாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு சால்வையை டீச்சர் தோளைச் சுற்றிப் போர்த்தினாள். உள்ளே மாட்டிக்கொண்ட பின்னலை மெல்ல உருவி வெளியே விட்டாள்.

"கல்யாணச் சேலை எடுத்தாச்சா?" என்று கேட்டாள்.

"எடுத்தாச்சுக்கா. அண்ணன்தான் போயி எடுத்துட்டு வந்தான்."

"நீ போவலையா?"

"அம்மா இல்லைலாக்கா. அவன் கூப்பிடல, நானும் கேக்கல. என்ன கலருன்னே தெரியாது."

"கட்டுதவ பாக்காத சேலையா? ஆம்பளைக்கு என்ன தெரியும்? எனக்கு ஒருத்தரு குக்கர் வாங்கிட்டு வந்துருக்காரு" என்றாள் அம்மா. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "நீங்க" எப்போது "நீ" ஆனது என்று இருவருக்குமே தெரிந்ததாகத் தெரியவில்லை. டீச்சரின் நாற்காலியில் டீச்சரும், என் பெஞ்சை இழுத்துப்போட்டு அம்மாவும் உட்கார்ந்து, ரவிக்கைத் துணி, மாமியார், மாப்பிள்ளை ஊரின் தண்ணீர் என்று பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் மேஜைப் பக்கம் போய் நின்று பார்த்தேன். சால்வை என்னுடைய யோசனை, அப்பாவிடம் கேட்டது நான், நபீசாவை ஜெயிக்கக் கேட்டது. டீச்சர் என் பக்கம் திரும்பி, "அக்கா குடுத்த சால்வை எப்படி இருக்கு எனக்கு?" என்று கேட்டார்கள். நல்லாயிருக்கு என்றேன்.

பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சர் பஸ்ஸுக்குப் புறப்பட்டார்கள். கடைசித் தடவை. நான் பிரம்புப் பைக்குக் கை நீட்டினேன். நபீசாவும் நீட்டினாள். எங்கள் இரண்டு கைக்கும் நடுவில் அம்மாவின் கை வந்து, அது பாட்டுக்குப் பையைத் தூக்கிக்கொண்டது. தூக்கியது அவளுக்கே தெரியாது, பேச்சு அப்படி. அவர்கள் முன்னால் போக, நாங்கள் இருவரும் பின்னால் போனோம்.

"ஏட்டி" என்றாள் நபீசா. "ஒங்கம்மா நம்ம பையத் தூக்கிட்டுப் போறாங்கட்டி."

அந்த வருஷம் முழுவதும் அவள் என்னிடம் சொன்னதிலேயே நான் ஒத்துக்கொண்ட பேச்சு அது ஒன்றுதான். பஸ் வந்தது. டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்து, சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "வாரேன்கா" என்றார்கள். எங்களைப் பார்த்தும் கையாட்டினார்கள். ஆனால் வாய்விட்டுக் கூப்பிட்டது "அக்கா" என்றுதான்.

வீட்டில் அப்பா ஆவலாகக் கேட்டார். "டீச்சர் என்ன சொன்னா?"

"அது எங்க பேச்சு. ஒங்களுக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு, அம்மா குக்கரை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கழுவினாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆனி, ஆடியிலும் மலையிலிருந்து சாரல் இறங்கும்போது, துண்டைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "சுகந்தி இப்ப எங்கன கெடந்து எஞ் சால்வையப் போத்திக்கிட்டிருக்காளோ" என்பாள். சுரண்டைப் பக்கத்து ஆள் யாரைப் பார்த்தாலும் விசாரிப்பாள். அப்போதெல்லாம் நான் எழுந்து வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். சுகந்தி டீச்சர் என் டீச்சர். அம்மாவுக்கு ஒரே ஒரு நாள் பழக்கம்.

இப்போது என் முறை. பஜாரில் ஒரு வாரம் அலைந்தேன். கைக்குட்டை கொடுத்தால் பிரிந்துவிடுவார்கள் என்பார்கள், வேண்டாம். இனிப்பு வாங்கினால் சர்க்கரை வியாதி இருந்தால் என்ன செய்வது? சேலை எடுக்கலாம் என்றால் மிஸ் கறுப்பா சிவப்பா என்றே எனக்குச் சரியாகத் தெரியாது. பள்ளிக்கூட மீட்டிங்குக்கு எப்போதும் என் வீட்டுக்காரர்தான் போவார். இங்கிலீஷில் ஏதாவது கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று நான் ஏதாவது சாக்குச் சொல்லி நின்றுவிடுவேன். கடைசியில் ஒரு மடக்குக் குடை வாங்கினேன். ஊதா நிறம். யாருக்கும் ஆகும், சீசனுக்கும் ஆகும். அன்று சாயங்காலமே என் ஃபோனில் அம்மாமார் குரூப்பில் இங்கிலீஷில் செய்தி வந்தது. என் வீட்டுக்காரர் வாசித்துச் சொன்னார்: தனித்தனியாக யாரும் எதுவும் கொடுக்க வேண்டாம், எல்லாரும் சேர்ந்து பிள்ளைகள் போட்டோவை பிரேம் போட்டுக் கொடுக்கிறோம்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. கடைசி நாள் குடையைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட கேட்டுக்குப் போனேன். முதல் தடவையாக, உள்ளே போய் அந்த மிஸ்ஸை நேரே பார்த்துவிடுவது என்று முடிவு பண்ணித்தான் போனேன். வாட்ச்மேன் நல்ல மனுஷன்தான். "பேரன்ட்ஸ் உள்ள போகக் கூடாதுக்கா. மேல உத்தரவு" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, காலம் அப்படி இருக்கிறது, பிள்ளைகளின் பத்திரத்துக்குத்தான். கொஞ்ச நேரத்தில் குரூப்பில் படம் வந்தது. பிரேமைப் பிடித்துக்கொண்டு மிஸ் நடுவில், என் மகள் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு. இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிதாக்கப் பெரிதாக்க முகம் கலங்கிப் புள்ளி புள்ளியாகப் போனது.

அம்மா இப்போது இல்லை. அவள் நேரே ஏறிப்போன வகுப்பு வாசல்படியும் இன்று எந்த அம்மாவுக்கும் இல்லை. வியர்க்க வியர்க்கப் பொறாமையோடு உள்ளே போனவள் பை தூக்கிக்கொண்டு வெளியே வந்தாளே, அந்த நாலடித் தூரம் எனக்குக் கிடைக்கவில்லை.

மணி அடித்து மகள் ஓடி வந்தாள். கண் சிவந்திருந்தது. மிஸ்ஸை விட்டுப் பிரிகிற அழுகை. "மிஸ்ஸப் பாத்தியாம்மா?" என்று கேட்டாள்.

"உள்ள விடலட்டி."

"நீ பாத்திருந்தா ஒனக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கும்மா" என்றாள்.

வெயில் உச்சியில் நின்றது. பையிலிருந்து குடையை எடுத்து விரித்தேன். அவள் அண்ணாந்து பார்த்து, "ஐ, இது யாருக்கு?" என்றாள்.

"நமக்குத்தான்" என்று சொல்லி, அவளை என் பக்கமாக இழுத்துக்கொண்டேன்.